பாட்டிலிருந்து புள்ளிக்கு: நாங்கள் வாங்கப் பழகிய விதம்

(ஸ்காபரோ, டோர்செட் பார்க்கில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவதைப் பற்றி ஒரு அறக்கட்டளைச் சொற்பொழிவா என்று உங்களில் சிலர் எண்ணியிருக்கக்கூடும். இந்த அயலில் வாழ்கிறவர்களுக்கு இதைவிட நெருக்கமான பொருள் எனக்குத் தோன்றவில்லை. எல்ஸ்மியர் வீதியில் ஹைலண்ட் ஃபார்ம்ஸ். 401 நெடுஞ்சாலையை அண்டிக் கென்னடி கொமன்ஸ். இடையிடையே பிளாசாக்களில் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் இவற்றில் ஒன்றையாவது தாண்டாமல் வீட்டுக் கதவைத் திறக்க முடியாது. மாத முடிவில் கடனட்டைக் கணக்கு வரும்போது, 'உனக்குக் கை அடக்கம் இல்லை' என்று கணவன் மனைவியையும், பெற்றோர் பிள்ளைகளையும் கடிந்துகொள்கிற குரல்களை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அந்தக் கண்டிப்பு பெரும்பாலும் தவறான ஆளின் மேல் விழுகிறது என்பதே என் கட்சி. வாங்குவது பயிற்றப்படுகிற பழக்கம். அதைப் பயிற்றுகிறவர்கள் ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சியைக் கையில் வைத்துக்கொண்டு செய்கிறார்கள். எங்களுக்கோ அந்த ஆராய்ச்சியின் பெயர்கூட ஒழுங்காகச் சொல்லித் தரப்படவில்லை.

உளவியல் இந்தப் பயிற்றலை இரண்டு வகையாகப் பார்க்கிறது. முதலாவது தொல்சீர் நிபந்தனைப்படுத்தல். ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் இவான் பாவ்லோவ் நாய்களின் சமிபாட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார்; 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அந்தச் சமிபாட்டு ஆய்வுக்குத்தான். உணவு வாய்க்கு வருமுன்னரே, உணவு கொண்டுவருகிறவரின் காலடியோசைக்கே நாய்க்கு உமிழ்நீர் சுரப்பதை அவருடைய ஆய்வுகூடம் கவனித்தது. பிறகு மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியின் ஓசையையும் உணவையும் திரும்பத் திரும்பச் சேர்த்துக் கொடுத்தார்கள். சில நாட்களில் ஓசை மட்டும் போதுமானதாயிற்று. உணவோடு எந்த உறவும் இல்லாத ஓசைக்கு உடம்பு பதில் சொல்லப் பழகிவிட்டது. இதில் நாயின் விருப்பமோ சம்மதமோ எந்தக் கட்டத்திலும் கேட்கப்படவில்லை.

இது கடைத்தெருவுக்கு வந்து சேரப் பல காலம் ஆகவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜோன் வாட்சன், றொசலி றேனருடன் சேர்ந்து ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளெலியைக் கண்டால் அஞ்சக் கற்றுக்கொடுத்த சோதனையை 1920இல் வெளியிட்டார். எலி தெரியும்போதெல்லாம் குழந்தையின் தலைக்குப் பின்னால் இரும்புத் தண்டில் சுத்தியலால் அடித்தார்கள். இன்று எந்த ஆய்வுகூடமும் இதை அனுமதிக்காது. அதே ஆண்டில் வாட்சன் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அடுத்து அவர் போனது நியூயோர்க்கின் ஜே. வோல்டர் தொம்சன் விளம்பர நிறுவனத்துக்கு. 1924இல் அதன் துணைத் தலைவரானார். வாங்குகிறவரை நேரே பார்த்துப் படிக்க மேசீஸ் அங்காடியில் விற்பனையாளராகவும் நின்றார். அச்சத்தைப் பதிய வைக்கத் தெரிந்தவர் ஆசையையும் பதிய வைக்கலாம் என்று விளம்பர உலகம் அன்றே கணக்குப் போட்டுவிட்டது.

எங்கள் தலைமுறைகளுக்கு இது எப்படி வந்தது? வானொலி வழியாக. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. கடல் கடந்து இந்தியா முழுவதும் கேட்ட சேவை அது. 1952இலிருந்து அமீன் சயானி நடத்திய பினாக்கா கீத்மாலாவில் ஒரு பற்பசையின் பெயரும் இந்தித் திரைப்பாட்டும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொண்டன. தமிழ் வர்த்தக சேவையில் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனனின் குரல் யாழ்ப்பாணத்திலும் திருச்சியிலும் ஒரே நேரத்தில் வீடுகளுக்குள் போனது. பாட்டு வந்தது, பாட்டோடு பொருளின் பெயர் வந்தது, மறுபடி பாட்டு வந்தது. பொருளைப் பற்றி வாதம் எதுவும் இல்லை. வாதம் வேண்டியிருக்கவும் இல்லை. பாட்டுக்கு உருகிய மனம் பெயருக்கும் கொஞ்சம் உருகியது.

இந்த உத்தி எப்போதும் தீயது என்று நான் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்து மில்க்வைற் சவர்க்காரத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் உரிமையாளர் க. கனகராசா பனை நடுகையை ஊக்குவித்தார், 'மில்க்வைற் செய்தி' என்று ஓர் இதழும் வெளியிட்டார். அந்தச் சவர்க்காரத்தின் பெயர் பனையோடும் படிப்போடும் சேர்ந்து மனதில் பதிந்தது. அதுவும் சேர்த்துப் பதிய வைக்கிற வேலைதான். ஆனால் சேர்க்கப்பட்ட நன்மை உண்மையானது. நட்ட பனை நின்றது.

பாட்டு உண்மையிலேயே வாங்க வைக்கிறதா? 1982இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்ட் கோர்ன் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்குப் பெயர்போனது. மாணவர்களுக்கு ஒரு சாதாரணப் பேனையின் படம் காட்டப்பட்டது. சிலருக்குப் படத்தோடு அவர்கள் விரும்பும் இசை ஒலித்தது, சிலருக்கு விரும்பாத இசை. பிறகு இரண்டு நிறப் பேனைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். விரும்பிய இசையோடு பார்த்தவர்களில் 79 சதவீதம் பேர் படத்தில் கண்ட நிறத்தையே எடுத்தார்கள். விரும்பாத இசையோடு பார்த்தவர்களில் 30 சதவீதம் பேர்தான் அப்படிச் செய்தார்கள். விரும்பிய இசையாகக் கோர்ன் தேர்ந்தது 'கிரீஸ்' திரைப்படத்தின் இசை. விரும்பாத இசையாக அவர் வைத்தது எது தெரியுமா? இந்தியச் செவ்வியல் இசை.

இந்த மண்டபத்தில் இருப்பவர்களை வைத்து அதே சோதனையைச் செய்திருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும் என்று நான் துணிந்து சொல்வேன். பேனையிலோ இசையிலோ மந்திரம் எதுவும் இல்லை. கேட்பவருக்குப் பின்னால் இருக்கிற வாழ்க்கைதான் அந்த ஓசைக்குப் பெறுமதி கொடுக்கிறது. ஆகவே எங்களுக்கு விற்க விரும்புகிறவர் முதலில் எங்கள் வாழ்க்கையைப் படிக்க வேண்டும். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெரிய அங்காடிகள் தமிழ் எழுத்தில் வாழ்த்துப் பலகை வைக்கிற காலத்துக்கு வந்திருக்கிறோம். அது மரியாதையும் ஆகலாம். மெட்ரோனோமும் ஆகலாம். இரண்டுமாக ஒரே நேரத்தில் இருக்கவும் கூடும்.

நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும். 1989இல் கெலாரிஸும் கொக்ஸும் கோர்னின் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்பதை மாணவர்கள் ஊகித்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். விளம்பரத்தைக் கேட்டவுடன் கடைக்கு ஓடுகிற பொம்மைகள் நாங்கள் அல்ல. பாவ்லோவின் கண்டுபிடிப்பையே பின்வந்தவர்கள் திருத்தி எழுதினார்கள். ரொபர்ட் றெஸ்கோர்லா 1960களின் இறுதியில் காட்டியது இது: இரண்டு விடயங்கள் சேர்ந்து வந்தால் மட்டும் போதாது, ஒன்று மற்றதை முன்னறிவிக்க வேண்டும். தகவல் இல்லாத ஓசையை விலங்கும் அலட்சியம் செய்யும். 'மலிவு விற்பனை' என்ற சிவப்புப் பலகை ஆண்டு முழுவதும் தொங்கினால் அது எதையும் முன்னறிவிக்காது. அதனால்தான் விலை உண்மையிலேயே குறைந்தது என்ற நம்பிக்கையை உண்டாக்க, மேலே வெட்டப்பட்ட ஒரு பழைய விலை தேவைப்படுகிறது. அந்தப் பழைய விலை பொய்யானால்? டயர்களுக்கு அப்படிப் பழைய விலை காட்டி விளம்பரம் செய்ததற்காக சியர்ஸ் கனடாவுக்கு எதிராகப் போட்டித் தீர்ப்பாயம் 2005இல் தீர்ப்பளித்தது. உளவியல் கண்டுபிடித்த ஒரு நுட்பத்துக்குச் சட்டம் வேலி போட முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

இப்போது எங்களுக்கே உரிய ஒரு விடயம். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்து இறங்கியவர்களுக்கு எல்லாக் குறிப்புகளும் ஒரே நாளில் அறுந்து போயின. கடையின் பெயர், பொட்டலத்தின் நிறம், வானொலிக் குரல், சந்தி முனையின் வாசனை எதுவும் இல்லை. பழைய குறிப்புகள் மறையும்போது பழக்கங்கள் இளகுகின்றன. புதியவை எளிதில் பதிகின்றன. வங்கிகள் புதிதாக வந்தவர்களுக்கென்று தனிச் சலுகைக் கணக்குகள் வைத்திருப்பது தற்செயல் அல்ல. முதல் மாதங்களில் பதிந்த வங்கியும் கடையும் பல ஆண்டுகள் நிலைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அறுந்தது அழிந்துவிடவில்லை. பாவ்லோவ் இதையும் கண்டிருந்தார். ஓசைக்குப் பின் உணவு வராமலே இருந்தால் நாயின் உமிழ்நீர் நின்றுபோகும். ஆனால் சிறிது காலம் இடைவெளி விட்டு அதே ஓசையைக் கேட்பித்தால், யாரும் மறுபடி கற்பிக்காமலே உமிழ்நீர் திரும்பச் சுரக்கும். ஸ்காபரோவின் தமிழ்க் கடைத் தட்டுகளுக்கு முன்னால் இது தினமும் நடக்கிறது. நெஸ்டமோல்ட், மலிபன் பிஸ்கட், நெக்டோ, அங்கர் பால்மா. பக்கத்துப் பெரிய அங்காடியில் இதே வகைப் பொருள் மலிவாகக் கிடைக்கும். ஆனாலும் கை இங்கேதான் நீளும். பிள்ளைகள் கேட்பார்கள், 'அம்மா, பால் பாலாகவே கிடைக்கிற நாட்டில் ஏன் பால்மா?' அம்மா 'ஊர் ருசி' என்பார். அங்கர் நியூசிலாந்துப் பால். மாட்டின் பிறப்பிடத்தை மனம் கேட்பதில்லை. மாலை நேரத் தேத்தண்ணியையும் கூடியிருந்தவர்களையும்தான் அது அந்தப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்திருக்கிறது. இந்தச் செலவை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இழந்த ஒன்றுக்கு மனிதர் கொடுக்கிற விலை அது, தெரிந்தே கொடுக்கிறார்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது பயிற்றலின் இரண்டாவது வகையைப் பற்றி. பாட்டின் காலம் ஏறத்தாழ முடிந்தது. எங்கள் பிள்ளைகளைப் பயிற்றுவது கடைகள் தரும் புள்ளிகள்.

தொழிற்பாட்டு நிபந்தனைப்படுத்தல் என்று இதற்குப் பெயர். பி.எஃப். ஸ்கின்னர் 1938இல் வெளியிட்ட நூலில் தொடங்கி இதை வளர்த்தெடுத்தார். ஒரு செயலுக்குப் பின்னால் நல்ல விளைவு வந்தால் அந்தச் செயல் மறுபடி நடக்கும். அந்த விளைவே வலுவூட்டி. வலுவூட்டி உணவாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. 1936இல் ஜோன் வுல்ஃப் என்ற ஆய்வாளர், பின்னால் உணவுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய வில்லைகளுக்காகவே சிம்பன்சிகள் உழைப்பதைக் காட்டினார். வில்லையைத் தின்ன முடியாது. ஆனாலும் சேர்த்தன.

கனடாவில் இதன் மிகப் பழகிய வடிவம் கனடியன் டயர் பணம். 1958இல் அந்த நிறுவனத்தின் பெட்ரோல் நிலையங்களில் தொடங்கியது. நிறுவனர்களில் ஒருவரான ஏ.ஜே. பில்லஸின் மனைவி மியூரியல் பில்லஸ் தந்த யோசனை என்று சொல்வார்கள். வங்கித் தாள் போலவே அச்சிட்ட தாள். காசு கொடுத்த அடுத்த கணம் கையில் கிடைத்தது. திரும்ப அதே கடையில்தான் செல்லும். எத்தனை வீடுகளின் சமையலறை இழுப்பறைகளில் அது கிடந்தது! 1992இல் ஏர் மைல்ஸ் என்ற புள்ளித் திட்டம் வந்தது. 2018 பெப்ரவரியில் லோப்லோவின் பிசி பிளஸும் ஷொப்பர்ஸின் ஒப்டிமமும் சேர்ந்து பிசி ஒப்டிமம் ஆயின. இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி. இந்த நாட்டின் குற்றவியல் சட்டக்கோவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வணிக முத்திரை கொடுப்பதைக் குற்றமாக வைத்திருந்தது. பொருள் வாங்கினால் முத்திரை, முத்திரை சேர்த்தால் பரிசு என்ற ஏற்பாட்டைத்தான் அது தடுத்தது. அந்தப் பிரிவு 2018 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது.

புள்ளிகளின் கணக்கைப் பாருங்கள். பிசி ஒப்டிமத்தில் 10,000 புள்ளிக்கு 10 டொலர். ஒரு புள்ளி ஒரு சதத்தின் பத்தில் ஒரு பங்கு. பத்து டொலர் என்றே சொல்லலாமே? சொன்னால் பதிவது குறைவு. எண் பெரிதாக ஏறும்போது ஒவ்வொரு தடவையும் ஏதோ நடந்தது போல மனம் உணர்கிறது. இதற்கு மேல் தனிச் சலுகைகள். நீங்கள் வழக்கமாக வாங்குகிற தயிருக்கு இந்தக் கிழமை கூடுதல் புள்ளி. இன்னொரு கிழமை, நீங்கள் வாங்காத ஒரு பொருளுக்கு. இத்தனை டொலருக்கு மேல் வாங்கினால் 20 மடங்கு. புறாவை வட்டமாகச் சுற்றப் பழக்க ஸ்கின்னர் செய்ததும் இதுதான்: முதலில் இலேசாகத் திரும்பியதற்கு ஒரு தானிய மணி, பிறகு இன்னும் கொஞ்சம் திரும்பினால்தான் மணி. புறாவுக்கு ஒரே சோதனைப் பெட்டிதான் இருந்தது. இன்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி செய்து தரக் கைத்தொலைபேசியால் முடிகிறது.

இலக்கு நெருங்கும்போது வேகம் கூடும் என்பதும் நன்கு சோதிக்கப்பட்ட உண்மை. கிளார்க் ஹல் அதை எலிகளில் கண்டது 1930களில். 2006இல் நூனஸும் ட்ரேஸும் கார் கழுவும் நிலையமொன்றில் இரண்டு வகை அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் எட்டு முத்திரை தேவை. மற்றதில் பத்து தேவை, ஆனால் இரண்டு முன்கூட்டியே குத்தப்பட்டிருந்தன. இரண்டிலும் மிச்சம் எட்டுத்தான். வெறும் அட்டைக்காரரில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள். 'ஏற்கெனவே தொடங்கிவிட்ட' அட்டைக்காரரில் 34 சதவீதம் பேர். புதிதாக ஒரு செயலியில் சேரும்போது வரவேற்புப் புள்ளிகள் கிடைப்பதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

இவற்றைவிட வலிமையானது நிச்சயமின்மை. எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று புறாவுக்குத் தெரியாதபோது அது மிக விடாப்பிடியாகக் கொத்துகிறது. தானியம் நின்ற பின்னரும் நெடுநேரம் கொத்துகிறது. 1957இல் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் வெளியிட்ட பெரிய நூல், வலுவூட்டி எப்போது கிடைக்கும் என்பதை வகுக்கிற இத்தகைய அட்டவணைகளைப் பற்றியது. ரிம் ஹோர்ட்டன்ஸ் 1986இல் தொடங்கிய கோப்பை விளிம்புப் போட்டி இதே அட்டவணைதான். விளிம்பை உருட்டினால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. சிலவேளை ஒரு டோனட். எங்கோ ஒருவருக்குக் கார். 2020இல் பெருந்தொற்றின்போது கடதாசிக் கோப்பை விளிம்பு கைவிடப்பட்டு அது கைத்தொலைபேசிக்குள் போயிற்று. அங்கே ஒவ்வொரு உருட்டலும் யாருடையது, எந்தக் கடையில், எந்நேரம் என்று பதிவாகிறது. கோப்பையிடம் அந்த நினைவு இருக்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் தண்டனைக்கும் இடம் உண்டு. ஆனால் அது பிந்தி வருகிறது. வாங்கிய இன்பம் அந்தக் கணத்தில். கணக்கு வருவது மாத முடிவில். பிந்தி வரும் தண்டனையால் பழக்கம் திருந்தாது என்று ஸ்கின்னர் மரபு எப்போதோ சொல்லிவிட்டது. 2001இல் பிரெலெக்கும் சிமெஸ்டரும் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் நுழைவுச்சீட்டுகளை ஏலம் விட்டார்கள். கடனட்டையில் கட்டலாம் என்றதும், காசாகக் கட்ட வேண்டியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விலைவரை கேட்டவர்கள் இருந்தார்கள். தொழிற்சாலையில் நின்று உழைத்து, வாடகையும் ஊருக்கு அனுப்புவதும் போக மிஞ்சியதில் குடும்பம் நடத்துகிற ஒருவரிடம் 'கட்டுப்பாடாக இருங்கள்' என்று சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. வேலையால் களைத்த மனத்துக்கு எதிரே நிற்பது இத்தனை நுட்பமான ஏற்பாடு.

செய்யக்கூடியது என்ன? வீட்டில் சிலவற்றைச் செய்யலாம். செயலியின் அறிவித்தலை நிறுத்தலாம். கிழமைச் சாமானைக் காசில் வாங்கினால் செலவின் வலி உடனே தெரியும். பட்டியல் எழுதிக்கொண்டு போகலாம். இவை உதவும். ஆனால் ஏற்பாட்டை மாற்றுவது சட்டத்தின் வேலை; மாற்ற முடியும் என்பதற்கு இந்த மாகாணமே சான்று. ஏர் மைல்ஸ் புள்ளிகள் 2016 முடிவில் காலாவதியாகும் என்ற நிலை வந்தபோது மக்கள் அவசரப்பட்டு வேண்டாத பொருட்களுக்கெல்லாம் புள்ளிகளைக் கரைத்தார்கள். ஒன்ராறியோ சட்டமன்ற உறுப்பினர் ஆதர் பொட்ஸ் கொண்டுவந்த சட்டமூலம் அந்த டிசம்பரில் நிறைவேறியது. காலம் கழிந்தது என்பதற்காக மட்டும் புள்ளிகளை அழிக்க முடியாது என்று அது சொன்னது. சட்டம் நிறைவேறுமுன்னரே நிறுவனம் தன் திட்டத்தைக் கைவிட்டது. கோபப்பட்ட வாடிக்கையாளர்கள் தொலைபேசியை எடுத்ததால் நடந்தது அது.

இன்னும் நடக்காதது பிள்ளைகளைப் பற்றியது. ஒரு சின்னப்பிள்ளைக்கு விளம்பரத்தையும் கதையையும் பிரித்தறியத் தெரியாது. கியூபெக் மாகாணம் 13 வயதுக்குக் குறைந்தவர்களை நோக்கிய வணிக விளம்பரத்தை 1980இலேயே தடை செய்தது. பொம்மை நிறுவனமொன்று அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. இர்வின் டோய் வழக்கில் 1989இல் நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. உணவு விளம்பரத்துக்கு மட்டுமாவது நாடு முழுவதும் இப்படி ஒரு கட்டுப்பாடு கொண்டுவர செனற்றர் நான்சி கிரீன் ரெயின் 2016இல் எஸ்-228 சட்டமூலத்தை முன்வைத்தார். பொதுமன்றம் நிறைவேற்றிய பிறகும் அது செனற்றில் இறுதி வாக்கெடுப்புக்கு வராமலே 2019இல் காலாவதியானது. மொன்றியலில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு நாற்பது ஆண்டுக்கு மேலாகக் கிடைக்கிற பாதுகாப்பு டோர்செட் பார்க்கில் வளரும் பிள்ளைக்கு இல்லை.

தேர்தல் காலத்தில் எங்கள் கதவைத் தட்டுகிற மாகாண வேட்பாளர்களிடம் நாங்கள் கோயில் மண்டபத்தைப் பற்றிக் கேட்கிறோம், குடிவரவைப் பற்றிக் கேட்கிறோம், பஸ் சேவையைப் பற்றிக் கேட்கிறோம். அடுத்த முறை இதையும் கேளுங்கள்: கியூபெக்கின் 1980ஆம் ஆண்டுத் தடையை ஒன்ராறியோவுக்குக் கொண்டுவர நீங்கள் சட்டமூலம் முன்வைப்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.